பஸ்ஸுக்கு ‘ஆன்’, ஆட்டோவுக்கு ‘இன்’: ஆங்கில வினைச்சொல் இடறும்போது பிழை பார்ப்பது எப்படி?

துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் ஆங்கிலக் கடிதம் எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், வெயில் தாழ்ந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நர்சிங் படிக்கும் பெண்கள், கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதும் பையன்கள், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று கலவையான கூட்டம். இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் ஓரளவு சரியாகவே எழுதுகிறார்கள். இடறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: வினைச்சொல்லுக்குப் பின்னால் வரும் அந்தச் சின்னச் சொல்லில். இலக்கணப் புத்தகம் அதை முன்னிடைச்சொல் (பிரிபொஸிஷன்) என்கிறது; நான் துணைச்சொல் என்றும் சொல்வேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்பதால் அந்தப் பெயர். நம் உருபும் சொல்லுருபும் பெயருக்குப் பின்னால் ஒட்டும்; அவர்களுடையது முன்னால் வந்து நிற்கும்.

பிழையைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தித் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த வாரம் அதே பிழை அதே இடத்தில் வந்து உட்காரும். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்பேன்: “இதை எழுதும்போது உன் மனதில் ஓடிய தமிழ் உருபு எது? ‘ஐ’யா, ‘கு’வா, ‘இல்’லா, ‘இட’மா?” காரணம் பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே அகப்பட்டுவிடும்.

ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டுப் படித்தால் காதில் நிற்கும். ஒரே ஒரு தொல்லை: ‘உடைய’ என்ற பொருளில் வரும் சொல்லும், விளக்கை அணைக்கும்போது சொல்லும் சொல்லும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடும். எனவே முதலாவதை ‘ஆவ்’ என்றும் இரண்டாவதை ‘ஆஃப்’ என்றும் எழுதுகிறேன்.

அறிகுறி: வேண்டாத சொல் வந்து ஒட்டிக்கொள்கிறது

‘வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி டிலே.’ என் வகுப்பில் இந்த வாக்கியம் வராத வாரம் இல்லை. தாமதத்தைப் பற்றி விவாதித்தோம் என்பதில் உள்ள ‘பற்றி’தான் ‘அபௌட்’ ஆகிவிட்டது என்பார்கள். அது பாதிக் காரணம். தமிழில் ‘சிக்கலை விவாதித்தோம்’ என்றும் சொல்கிறோமே, அங்கே வெறும் ஐ உருபுதானே இருக்கிறது?

மீதிப் பாதி ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு ‘அபௌட்’ வேண்டும். ‘எ டிஸ்கஷன் அபௌட் தி டிலே’ என்பதில் தவறே இல்லை. பெயர்ச்சொல்லுக்கு உரிய துணையை அதன் உடன்பிறந்த வினைச்சொல் இரவல் வாங்கிக்கொண்டதுதான் கோளாறு. இப்படி இரவல் வாங்கும் குடும்பம் பெரியது. ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. ‘ஐ ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்’ தவறு. ‘அன் ஆர்டர் ஃபார் டூ பிரியாணிஸ்’ சரி. ‘ஐ ஆர்டர்ட் ஃபார் டூ பிரியாணிஸ்’ தவறு. ‘எம்ஃபசிஸ் ஆன்’ என்ற பெயர்த்தொடருக்கு ‘ஆன்’ உண்டு, ‘எம்ஃபசைஸ்’ என்ற வினைக்கு இல்லை. ‘தி ஆன்ஸர் டு தி கொஸ்டின்’ என்று எழுதலாம். ‘ஆன்ஸர் டு தி கொஸ்டின்’ என்று ஒருவரை ஏவ முடியாது. ‘இன் கான்டாக்ட் வித் ஹிம்’ இருக்கலாம். ‘கான்டாக்ட் வித் ஹிம்’ என்று கட்டளை இட முடியாது, ‘கான்டாக்ட் ஹிம்’ போதும்.

சோதனை எளிது. அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘எ’, ‘தி’, ‘மை’ போன்ற ஒன்று நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது பெயர், துணைச்சொல் வேண்டும். அந்தச் சொல்லே இறந்தகால வடிவம் எடுத்திருந்தால் அது வினை, துணையை வெட்டிவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. எனக்கு இதுதான் பிடித்தமானது. ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் பல சமயம் இரண்டு வினைகள் இருக்கும். வீட்டில் புழங்கும் எளிய வினை துணைச்சொல்லோடு வரும். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வரும் அலுவலக வினை அந்தத் துணையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே வரும். ‘டாக் அபௌட்’ என்றால் ‘அபௌட்’ வேண்டும், ‘டிஸ்கஸ்’ என்றால் வேண்டாம். ‘ஆஸ்க் ஃபார்’, ஆனால் வெறும் ‘ரிக்வெஸ்ட்’. ‘வெயிட் ஃபார்’, ஆனால் வெறும் ‘அவெயிட்’. ‘கோ இன்டு தி ரூம்’, ஆனால் ‘என்டர் தி ரூம்’. ‘லுக் லைக் ஹிஸ் ஃபாதர்’, ஆனால் ‘ரிஸெம்பிள் ஹிஸ் ஃபாதர்’. இதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘டிபென்ட்’, ‘அப்ளை’, ‘அரைவ்’ மூன்றும் பேன்ட் சட்டை போட்ட வினைகள்தான். துணை இல்லாமல் நகரமாட்டா. என்றாலும் சந்தேகம் வந்தால் ஜோடியைத் தேடிப் பாருங்கள், பாதி வழி தெரிந்துவிடும்.

‘மேரி’ தனி வழக்கு. அவளோடு திருமணம் நடந்தது என்ற ‘ஓடு’தான் ‘மேரிட் வித்’ ஆகிறது. மணக்கும் செயலைச் சொன்னால் ‘ஹீ மேரிட் ஹெர்’. மணமான நிலையைச் சொன்னால் ‘ஹீ இஸ் மேரிட் டு ஹெர்’. இரண்டிலும் ‘வித்’ இல்லை. ‘என்டர் இன்டு’ என்பதும் முழுப் பிழை அல்ல: ஒப்பந்தத்துக்குள் நுழையலாம், அறைக்குள் கூடாது. ‘கோப் அப் வித்’ என்பதில் ‘அப்’ வீண். ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ வீண்.

அறிகுறி: வேண்டிய சொல் காணவில்லை

‘லிஸன் மீ.’ ‘லுக் ஹிம்.’ ‘எக்ஸ்பிளெயின் மீ.’ முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ‘பாட்டைக் கேள்’ என்பதில் உள்ள ஐ உருபுக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் கிடையாது. எனவே ஐ வரும் இடத்திலெல்லாம் பெயரை அப்படியே வினைக்குப் பின் வைத்துவிடுகிறோம். பல இடங்களில் அது பொருந்தும். ‘லிஸன்’ போன்ற சில வினைகள் ஒத்துக்கொள்ளாது. ‘லிஸன் டு’, ‘லுக் அட்’, ‘வெயிட் ஃபார்’, ‘டிபென்ட் ஆன்’. இவற்றை ஒரே சொல்லாக நினைத்துச் சேர்த்தே மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

‘எக்ஸ்பிளெயின் மீ’ வேறு வகை. எனக்குக் கொடு, எனக்குக் காட்டு, எனக்கு அனுப்பு, எனக்கு விளக்கு: தமிழில் நான்குக்கும் ஒரே கு. ஆங்கிலத்தில் முதல் மூன்றும் ‘கிவ் மீ’, ‘ஷோ மீ’, ‘ஸென்ட் மீ’ என்று அப்படியே வரும். நான்காவது மட்டும் ‘எக்ஸ்பிளெயின் இட் டு மீ’. ஏன் இந்தப் பாகுபாடு? ‘கிவ்’, ‘ஷோ’, ‘ஸென்ட்’ ஆகியவை ஆங்கிலத்தின் சொந்த மண்ணில் முளைத்த குட்டை வினைகள். அவை இரண்டு பெயர்களை வரிசையாகத் தாங்கும். ‘எக்ஸ்பிளெயின்’, ‘டிஸ்கிரைப்’, ‘ஸஜெஸ்ட்’, ‘அனௌன்ஸ்’ ஆகியவை லத்தீன் வழியில் வந்தவை. அவை ஆளைக் குறிக்க ‘டு’ கேட்கும். இதற்கும் விலக்கு உண்டு. ‘ஸே’ சொந்த மண்ணின் வினைதான், ஆனாலும் ‘ஸே மீ’ என்று வராது. ‘டெல் மீ’ வரும், ‘ஸே டு மீ’ வரும். அவரிடம் சொன்னேன் என்பதில் உள்ள ‘இடம்’ மனதில் ஓடும்போது ‘டோல்ட் டு ஹிம்’ என்று தலைகீழாக விழுகிறது. ‘ஆஸ்க் டு ஹிம்’ என்பதும் அதே ‘இடம்’ செய்த வேலை.

நம் கு இன்னும் ஒரு குறும்பு செய்யும். எம்.சி. ரோட்டில் புடவை வாங்குகிறோம். புடவைக்குப் பணம் கொடுத்தேன், கடைக்காரருக்குப் பணம் கொடுத்தேன்: இரண்டும் கு. ஆங்கிலம் பிரித்துவிடும்: ‘ஐ பெய்ட் தி ஷாப்கீப்பர் ஃபார் தி ஸாரி.’ ஆளுக்கு ஒன்றும் வேண்டாம், பொருளுக்கு ‘ஃபார்’. விட்டுவிட்டால் புடவையின் கையில் பணம் கொடுத்த மாதிரி ஆகும். விண்ணப்பத்திலும் இதே பிரிவுதான். வேலைக்கு விண்ணப்பித்தால் ‘அப்ளை ஃபார் எ ஜாப்’, மருத்துவமனைக்கு விண்ணப்பித்தால் ‘அப்ளை டு எ ஹாஸ்பிடல்’.

அறிகுறி: சொல் இருக்கிறது, ஆனால் தவறான சொல்

இங்கே குற்றவாளி பெரும்பாலும் இல் உருபு. ஆங்கிலம் இடத்தை மூன்றாக வெட்டுகிறது: உள்ளே என்றால் ‘இன்’, பரப்பின் மேல் என்றால் ‘ஆன்’, ஒரு புள்ளி என்றால் ‘அட்’. நாம் மூன்றையும் ‘இல்’ என்ற ஒரே பைக்குள் போட்டுக்கொள்கிறோம்.

வாகனங்களை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் எல்லா வகையும் கிடைக்கும். பஸ்ஸில் போனால் ‘ஆன் தி பஸ்’, ஷேர் ஆட்டோவில் போனால் ‘இன் தி ஆட்டோ’. நிமிர்ந்து நின்று இரண்டடி நடக்க முடிகிற வாகனத்துக்கு ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே இடமுள்ள வாகனத்துக்கு ‘இன்’ என்று வைத்துக்கொள்ளலாம். ரயில், மெட்ரோ, கப்பல், விமானம் எல்லாவற்றுக்கும் ‘ஆன்’. காருக்கு ‘இன்’. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏறி உட்காருபவை, எனவே ‘ஆன்’. காசிமேட்டில் நின்று பார்த்தால் இந்த விதி கண்ணுக்கே தெரியும். ஃபைபர் படகில் நான்கு பேர் உட்கார்ந்து போவது ‘இன் எ போட்’. விசைப்படகின் தளத்தில் நடந்து வலையை இழுப்பது ‘ஆன் எ டிராலர்’.

ஏறுவதும் இறங்குவதும் இந்தப் பிரிவையே பின்பற்றும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-இல் மெட்ரோ நீண்டபோது, வகுப்புக்கு வருகிற பாதிப் பேரின் பயணம் மாறியது. பயிற்சி வாக்கியங்களும் மாறின. மெட்ரோவில் ‘கெட் ஆன்’, நிலையம் வந்ததும் ‘கெட் ஆஃப்’. வெளியே வந்து ஆட்டோவில் ‘கெட் இன்’, வீட்டு வாசலில் ‘கெட் அவுட் ஆவ்’. தமிழில் நான்குக்கும் ஏறு, இறங்கு என்ற இரண்டே சொற்கள். மெட்ரோவிலிருந்து ‘கெட் அவுட்’ என்று ஒரு பையன் எழுதினான். அவனை யாரோ பிடித்துத் தள்ளியது போல இருந்தது.

வந்து சேருவதற்கு ‘அரைவ்’. சென்னைக்கு, ராயபுரத்துக்கு என்று நாம் கு போடுவதால் ‘அரைவ் டு’ என்று விழுகிறது. அப்படி ஒன்று இல்லை. ஊருக்கு ‘அரைவ் இன் சென்னை’. ஒரு கட்டடம், ஒரு நிலையம் என்று புள்ளியாகச் சுருங்கினால் ‘அரைவ் அட்’. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்துக்குச் சொல்வதென்றால் ‘அரைவ் அட் ராயபுரம் ஸ்டேஷன்’. வீட்டுக்கு மட்டும் எதுவும் வேண்டாம்: ‘அரைவ் ஹோம்’. ‘ரீச்’ என்ற வினையைப் போட்டால் இந்தக் கவலையே இல்லை. அதற்கு எந்த இடத்திலும் துணை தேவையில்லை.

மற்ற உருபுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலால் அவதிப்பட்டான் என்பதில் உள்ள ஆல் ‘பை’ ஆகக் கூடாது, ‘ஸஃபர் ஃபிரம்’. கடவுள் மேல் நம்பிக்கை என்பதில் உள்ள மேல் ‘ஆன்’ ஆகக் கூடாது, ‘பிலீவ் இன்’. பாடத்தில் கவனம் என்பதற்கு ‘இன்’ கூடாது, ‘கான்ஸன்ட்ரேட் ஆன்’. வெற்றிக்கு வாழ்த்தினால் ‘கங்ராஜுலேட் ஆன்’.

அறிகுறி: வாக்கியம் சரி, கேட்டவர் முகம் மாறுகிறது

வியாசர்பாடியில் பந்து விளையாடும் பையன் ஒருவன், கோல்கீப்பர் தன் பக்கம் பந்தை வீசியதை ‘ஹீ த்ரூ தி பால் அட் மீ’ என்று எழுதினான். இலக்கணம் சுத்தம். ஆனால் கோல்கீப்பர் அவன் மண்டையை உடைக்கப் பார்த்தார் என்று பொருள். பிடித்துக்கொள்ள வீசினால் ‘த்ரோ டு’. அடிக்க வீசினால் ‘த்ரோ அட்’. ‘ஷவுட்’ என்பதும் இப்படித்தான்: மைதானத்தின் மறுகோடியில் இருப்பவருக்குக் கேட்கும்படி கூப்பிட்டால் ‘ஷவுட் டு’, கோபத்தில் கத்தினால் ‘ஷவுட் அட்’. ‘டு’ என்றால் எதிரில் இருப்பவர் பெற்றுக்கொள்பவர். ‘அட்’ என்றால் அவர் குறிவைக்கப்பட்டவர். சிரிப்பிலும் குறி உண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தான் என்று தமிழில் ஒரே மாதிரி சொல்வதை, அன்பு என்றால் ‘ஸ்மைல்ட் அட் மீ’ என்றும், கேலி என்றால் ‘லாஃப்ட் அட் மீ’ என்றும் வினையை மாற்றித்தான் பிரிக்க வேண்டும்.

‘லுக்’ குடும்பம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் வேகமாகக் கடக்கிறேன்: ‘அட்’ போட்டால் பார், ‘ஃபார்’ போட்டால் தேடு, ‘ஆஃப்டர்’ போட்டால் பார்த்துக்கொள், ‘இன்டு’ போட்டால் விசாரி.

அறிகுறி: கேள்வி கேட்டாலோ, வாக்கியத்தை மடக்கினாலோ சொல் தொலைந்துவிடுகிறது

‘வெயிட் ஃபார்’ என்று சரியாகச் சொல்பவர்கள்கூட ‘ஹூ ஆர் யூ வெயிட்டிங்?’ என்று கேட்பார்கள். தமிழில் உருபு கேள்விச் சொல்லோடு ஒட்டியே இருக்கும்: யாருக்காக, எதை, யாரிடம். வாக்கியக் கடைசியில் தனியாகத் தொங்கும் உருபு நம் காதுக்குப் பழக்கமில்லை. ஆங்கிலத்தில் கேள்விச் சொல் முன்னால் ஓடிவிடும், துணைச்சொல் வினையின் பக்கத்திலேயே நின்றுவிடும்: ‘ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?’

இதைவிட ஆழமான குழி பெயரெச்சம். ‘நேற்று நான் பேசிய ஆள்’ என்கிறோம். அந்த ஆளோடு பேசினேனா, ஆளைப் பற்றிப் பேசினேனா? தமிழ் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை; இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ‘நான் இருக்கும் வீடு’, ‘நான் காத்திருந்த பஸ்’ எல்லாவற்றிலும் பெயரெச்சம் உருபை விழுங்கி ஏப்பம் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விழுங்காது. ‘தி மேன் ஐ ஸ்போக் டு’, ‘தி மேன் ஐ ஸ்போக் அபௌட்’ இரண்டும் வேறு வேறு ஆட்கள். ‘தி ஹவுஸ் ஐ லிவ்’ என்று நிறுத்தினால் வாசிப்பவர் மாடிப்படியின் கடைசிப் படி இல்லாமல் காலை வைத்தது போலத் தடுமாறுவார். ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’ என்று முடிக்க வேண்டும்.

பரிகாரம்: எழுதிய தொடரைப் பிரித்து முழு வாக்கியமாக்குங்கள். ‘ஐ லிவ் தி ஹவுஸ்’ என்று வருமா? வராது. ‘ஐ லிவ் இன் தி ஹவுஸ்’. அப்படியானால் அந்த ‘இன்’ எங்கேயாவது இருந்தாக வேண்டும். முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று பழைய வாத்தியார்கள் சொல்லியிருப்பார்கள். பேச்சிலும் கடிதத்திலும் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

அறிகுறி: ‘இட்’ எங்கே நிற்க வேண்டும் என்று குழப்பம்

ஃபேனை அணை: ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்’, ‘ஸ்விட்ச் தி ஃபேன் ஆஃப்’, இரண்டும் சரி. அதை அணை என்றால் ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ மட்டுமே. ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ இல்லை. அப்படியானால் ‘லுக் இட் ஆஃப்டர்’ என்று வருமா? வராது, ‘லுக் ஆஃப்டர் இட்’தான்.

பெயர்ச்சொல்லை நடுவில் நுழைத்துப் பாருங்கள். ‘லுக் தி சைல்ட் ஆஃப்டர்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். பெயர் நடுவில் உட்காரச் சம்மதித்தால், ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்றவை நடுவில் மட்டுமே உட்காரும். பெயர் உட்காராவிட்டால் இவையும் கடைசிக்குப் போகும்.

அறிகுறி: ‘டு’வுக்குப் பின் வினை சறுக்குகிறது

கடிதத்தின் கடைசி வரியில் வருவது: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’. இந்த ‘டு’ துணைச்சொல். அதன் பின் பெயர்தான் வர முடியும். ‘டு’வுக்குப் பின்னால் ‘தி மீட்டிங்’ என்று ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் வினைக்கும் ‘இங்’ வேண்டும்: ‘டு மீட்டிங் யூ’.

அறிகுறி: தொடர் எதோடு ஒட்டுகிறது என்று தெரியவில்லை

இது நான் கைச்செலவு செய்து கற்றது. ஒருமுறை வெளியூர்க் கிளைக்கு நானே எழுதினேன்: ‘பிளீஸ் ஸென்ட் தி லிஸ்ட் ஆவ் கார்ட்டன்ஸ் ஃபிரம் எண்ணூர்.’ எண்ணூரிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகளின் பட்டியல் வேண்டும் என்பது என் எண்ணம். அவர்கள் பட்டியலை எண்ணூரிலிருந்து அனுப்பச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, அங்கே ஆள் அனுப்பினார்கள். ஒரு நாள் போயிற்று. யார்டு வாடகையும் ஒரு நாள் ஏறியது. மேனேஜர் பேசியதை இங்கே எழுத முடியாது.

‘ஃபிரம் எண்ணூர்’ என்ற தொடர் ‘ஸென்ட்’ என்ற வினையோடும் ஒட்டும், ‘கார்ட்டன்ஸ்’ என்ற பெயரோடும் ஒட்டும். தமிழில் இந்த ஆபத்து குறைவு. ‘எண்ணூரிலிருந்து அட்டைப்பெட்டி’ என்று நாம் சொல்வதில்லை. நடுவில் ‘வந்த’ என்ற பெயரெச்சம் பாலம் போட வேண்டும். மேசை மேல் உள்ள புத்தகம் என்பதில் ‘உள்ள’ செய்யும் வேலையும் அதுவே. ஆங்கிலத் தொடரில் ஐயம் வந்தால் அதே பாலத்தை அங்கேயும் போடுங்கள்: ‘கார்ட்டன்ஸ் தட் கேம் ஃபிரம் எண்ணூர்’. இரண்டு சொல் கூடும், ஒரு நாள் மிச்சம்.

அறிகுறி: இங்கே எல்லோருக்கும் புரிகிறது, வெளிநாட்டில் புரியவில்லை

சில ஜோடிகளைப் பிழை என்று அடிக்க எனக்கு மனம் வருவதில்லை. பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ ஆவதும், கடிதத்துக்கு ‘ரிவர்ட்’ செய்வதும் நம் நாட்டில் தலைமுறைகளாக ஓடும் வழக்கு. பாரிமுனை அலுவலகத்துக்கு எழுதும்போது தாராளமாக எழுதலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினால் ‘கெட் ஆஃப்’, ‘ரிப்ளை டு’ என்று மாற்றிவிடுங்கள். ‘ரிவர்ட்’ என்பதை அவர்கள் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் படிப்பார்கள்.

நர்சிங் முடித்த ஒரு பெண் போன மாதம் வெளிநாட்டு மருத்துவமனைக்கு எழுதிய விண்ணப்பத்தைக் காட்டினாள். முதல் வரி: ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2022.’ படைப்பயிற்சி முடித்த வீரரைப் பற்றி ஆங்கிலேயர்கள் அப்படிச் சொல்வதுண்டு. மற்றவர்கள் ‘பாஸ் அவுட்’ ஆனால் மயங்கி விழுந்தார்கள் என்று பொருள். ‘கிராஜுவேட்டட் ஃபிரம்’ என்று மாற்றச் சொன்னேன். மாற்றி எழுதிக்கொண்டே, “பரீட்சை ஹாலில் ஃபேன் ஓடவில்லை சார், முதலில் எழுதியதும் உண்மைதான்” என்றாள்.